பணம் எல்லை தாண்டும், புகார் தாண்டாது: நாடு கடந்த பொருளாதார வன்முறையில் உதவ வரும் புதியவர்களுக்கு

“மேடம், சம்பளம் என் பேர்லதான் வருது. ஆனா கார்டு அவர்கிட்ட இருக்கு. ஓடிபி வர்ற நம்பரும் அவரோடதுதான்.”

உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளில் இப்படித் தொடங்குபவை நிறைய. பத்து நிமிடம் பேசினால் அடுத்த முடிச்சு தெரியும். வேலை ஒரு நாட்டில். வீட்டுக் கடன் இன்னொரு நாட்டில், அதற்கு ஜாமீன் கையெழுத்து போட்டது இவர், வீடு இருப்பதோ கணவரின் அம்மா பெயரில். பிரிந்த பிறகு கணவர் மூன்றாவது நாட்டுக்குப் போய்விட்டார். போலீசில் கேட்டால் “எங்கள் எல்லைக்குள் நடந்ததா?” என்கிறார்கள். வங்கியில் கேட்டால் “கூட்டுக் கணக்கு, அவரும் கையெழுத்துப் போட வேண்டும்” என்கிறார்கள். தூதரகத்தில் பாஸ்போர்ட் தொலைந்ததா என்று கேட்கிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தன்னார்வலர்கள், களப்பணியாளர்கள், சின்ன அமைப்பு நடத்துபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வழக்கறிஞர் செய்ய வேண்டியதை இது செய்யாது. வழக்கறிஞரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும், வெளிநாட்டில் யாரைப் பிடிக்க வேண்டும், எதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லும்.

சர்வதேச ஒத்துழைப்பு என்றதும் மேடையும் கொடிகளும் கண்ணுக்கு வரும். இங்கே அதன் அர்த்தம் ரொம்பச் சின்னது. தன் கதையை ஒரு நாட்டில் ஒருமுறை சொன்னவர், அடுத்த நாட்டில் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எது பொருளாதார வன்முறை என்று பிடிபட வேண்டும்

மூன்று வேலைகளை வைத்துப் புரிந்துகொள்வது சுலபம்: தடுப்பது, சுரண்டுவது, கெடுப்பது.

தடுப்பது என்றால் பணத்தின் பக்கம் போகவிடாமல் வைப்பது. செலவுக்குக் கைக்காசு கொடுத்து, ரசீது கேட்டு, மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது. சுரண்டுவது என்றால் அவர் பெயரில் கடன் எடுப்பது, மிரட்டி ஜாமீன் போட வைப்பது, நகையை விற்றுவிடுவது. கெடுப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நேர்முகத் தேர்வு அன்று காலையில் கார் சாவி காணாமல் போகும். வேலை நேரத்தில் ஒரு மணிக்குள் முப்பது போன் வரும். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஆள் கடைசி நிமிடத்தில் வர மாட்டார். நான்காவது முறை வேலை போனதும், “உனக்கு எந்த வேலையும் நிலைக்காது” என்பார் அதே ஆள்.

இதில் கடைசியாகச் சொன்னதற்கு வங்கி ஆவணம் எதுவும் இருக்காது. “நிதித் துன்புறுத்தல்” என்று பணத்தோடு நிறுத்தாமல் “பொருளாதார வன்முறை” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். வேலை, படிப்பு, வீடு, வண்டி, போன் என்று ஒருவர் சொந்தக் காலில் நிற்கத் தேவையான எல்லாமே இதற்குள் வரும். 2008-இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் ஆடம்ஸும் அவருடைய குழுவினரும் இதை அளக்க 28 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். கட்டுப்படுத்துவது ஒரு பகுதி, சுரண்டுவது இன்னொரு பகுதி. அதற்குப் பிறகுதான் ஆய்வுலகில் இதைத் தனியாக எண்ணும் பழக்கம் பரவியது. உலகப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வாழ்நாளில் வன்முறையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு உடல், பாலியல் வன்முறைகளை மட்டும் பற்றியது. பணத்தால் கட்டிப்போடப்பட்டவர்கள் அந்த எண்ணில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி கேட்பது: “எல்லா வீட்டிலும் பணத்துக்குச் சண்டை இருக்கத்தானே செய்யும்?” இருக்கும். சண்டையில் இருவரும் கேள்வி கேட்க முடியும். கேள்வி கேட்டால் என்ன நடக்குமோ என்ற பயத்தில் ஒருவர் கேட்பதையே விட்டுவிட்டார் என்றால், அது வேறு. கணவன் மனைவிக்குள் மட்டும் நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். வயதான பெற்றோரின் ஓய்வூதிய அட்டையைப் பிள்ளை வைத்துக்கொள்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பிரிந்துவிட்டால் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பல வழக்குகளில் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. ஜீவனாம்சம் ஒவ்வொரு மாதமும் வாடகை நாளுக்கு இரண்டு நாள் தாமதமாக வரும். கூட்டு வீட்டுக் கடன் தவணை திடீரென்று நிற்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டுப்படுத்தி வதைப்பது 2015 முதல் தனிக் குற்றம். ஆனால் பிரிந்து தனியே வாழ்பவர்களுக்கும் அது பொருந்தும் என்ற மாற்றம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

படி 2: காகிதத்தைத் தொடும் முன் பாதுகாப்பு

“பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கா?” என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். “இந்த நம்பரில் இப்போது பேசலாமா, வேறு எந்த நேரம் சரிப்படும்?” என்று கேளுங்கள். நடுவில் யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பணத்துக்கு ஒரு குணம் உண்டு, அது எங்கே போனாலும் சத்தம் போடும். கூட்டுக் கணக்கில் முகவரி மாற்றினால் இருவருக்கும் குறுஞ்செய்தி போகலாம். புதிய கணக்கு தொடங்கினால் பழைய முகவரிக்கு அட்டை வரலாம். ஆலோசகரைப் பார்க்க ஏறிய டாக்ஸியின் கட்டணம் கார்டு அறிக்கையில் இடத்தோடு நிற்கும். குடும்ப போன் திட்டத்தில் இருந்தால் அழைத்த எண்கள் பில்லில் வரும். இந்தக் கடைசிப் பிரச்சினைக்கு அமெரிக்கா 2022-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: பாதிக்கப்பட்டவர் கேட்டால், அவருடைய எண்ணைப் பகிர்ந்த திட்டத்திலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் போன் நிறுவனம் பிரித்துத் தர வேண்டும்.

ஆகவே வங்கிக்கு எதையும் எழுதும் முன் உட்கார்ந்து கேளுங்கள்: இதைச் செய்தால் யாருக்கு முதலில் தெரியும்? தெரிந்தால் அன்று இரவு என்ன நடக்கும்? இதற்குப் பதில் தெரியாதவரை கடிதம் காத்திருக்கட்டும். இன்னொன்று: ஆதாரம் எடுப்பதற்காக அந்த நபரின் மின்னஞ்சலுக்குள்ளோ கணக்குக்குள்ளோ நுழையச் சொல்லாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். நல்ல வழக்கு அதனாலேயே கெட்டுப்போகும்.

படி 3: நாடு வாரியாக ஒரு தாள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றால் இந்தத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கதை சொல்லும்போது நடந்த வரிசையில் சொல்வார். அப்படியே சொல்லட்டும், குறுக்கே விழாதீர்கள். அப்புறம் நீங்கள் எழுதும்போது நாடு வாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டம்: என்ன சொத்து அல்லது கடன், யார் பெயரில், உண்மையில் யார் கையில், எந்தத் தேதி, காட்டுவதற்கு என்ன இருக்கிறது.

கற்பனையாக ஒரு வரி: “தனிநபர் கடன். அவர் பெயரில். பணம் போனது கணவரின் கணக்குக்கு. 2022 மார்ச் 14. கடன் அனுமதி குறுஞ்செய்தி, அதே நாளில் பணம் மாறியதைக் காட்டும் அறிக்கைப் பக்கம்.” பார்த்தீர்களா, இதில் ஒரு கண்ணீரும் இல்லை, ஒரு குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் கடன் வந்த நாளிலேயே பணம் வேறு கைக்குப் போனது என்ற ஒன்று வங்கி அதிகாரியை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

தொகையை எந்த நாணயத்தில் இருந்ததோ அதிலேயே எழுதுங்கள். ஆர்வத்தில் மாற்றி எழுதினால், பிறகு எந்தத் தேதி மாற்று விகிதம் என்று எதிர்த்தரப்பு நோண்டும். பெயரின் எழுத்துக்கூட்டலையும் ஆவணத்தில் உள்ளபடியே குறியுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கடன் பத்திரத்தில் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருப்பது சகஜம். அந்த ஒரு எழுத்தால் மாதக்கணக்கில் நிற்கும் மனுக்கள் உண்டு.

“எனக்கு ஞாபகம் இல்லை” என்பதும் ஒரு பதில். அதையும் எழுதுங்கள். ஆண்டுக்கணக்காகக் கணக்கைப் பார்க்கவே விடப்படாதவருக்கு விவரம் தெரியாமல் இருப்பதே கட்டுப்பாட்டுக்குச் சாட்சி.

படி 4: அந்த நாட்டுச் சட்டம் இதை என்ன பெயரில் கூப்பிடுகிறது?

ஒரே செயலுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர். சரியான பெயரில் கூப்பிட்டால்தான் கதவு திறக்கும்.

தென்னாப்பிரிக்கா 1998-லேயே குடும்ப வன்முறைச் சட்டத்தில் இதைச் சேர்த்துவிட்டது. இந்தியாவின் 2005 சட்டம், பெண்ணுக்கு உரிமையுள்ள பணத்தையும் சீதனத்தையும் பறிப்பதையும், வீட்டுப் பொருட்களை விற்பதையும், வீட்டையும் வசதிகளையும் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் “பொருளாதார ரீதியான துன்புறுத்தல்” என்று வரையறுக்கிறது. பணமாக நிவாரணம் கேட்கலாம், வசித்த வீட்டில் தொடர்ந்து வசிக்க உத்தரவும் கேட்கலாம். பிரேசிலில் 2006-இல் வந்த மரியா தா பென்யா சட்டம் “சொத்து வன்முறை” என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. வேலைக் கருவிகளையும் சொந்த ஆவணங்களையும் பிடித்து வைப்பது, உடைப்பது என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருப்பதால், தையல் மெஷினை உடைத்ததும் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்ததும் அங்கே நேராகப் பொருந்தும். அர்ஜென்டினாவின் 2009 சட்டமும் அந்த வழிதான். இங்கிலாந்து, வேல்ஸுக்கான 2021 சட்டம் இன்னும் அகலமானது: பணம், சொத்து, சேவை ஆகியவற்றைப் பெறவோ, பயன்படுத்தவோ, வைத்துக்கொள்ளவோ ஒருவருக்கு உள்ள திறனைப் பெரிய அளவில் பாதிக்கும் எந்த நடத்தையும் அதில் அடங்கும். ஆண், பெண் என்ற பேதமும் அதில் இல்லை. இந்தியச் சட்டம் பெண்களுக்கானது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆண் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் விழிக்க வேண்டாம்.

அதற்கு மேலே நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்கள். ஆப்பிரிக்கப் பெண்களுக்கான 2003 மபுட்டோ நெறிமுறை பொருளாதாரத் தீங்கையும் வன்முறையின் வரையறையில் வைத்திருக்கிறது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஐரோப்பிய கவுன்சில் கொண்டுவந்த, 2011-இல் கையெழுத்தாகி 2014-இல் அமலுக்கு வந்த இஸ்தான்புல் உடன்படிக்கையும் அப்படியே. வேலையிட வன்முறையைப் பற்றிய, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-வது உடன்படிக்கை 2019-இல் வந்தது. வீட்டு வன்முறை வேலையிடத்திலும் எதிரொலிக்கிறது என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

ஒப்பந்தங்களை மேற்கோள் காட்டினால் உடனே வேலை நடக்கும் என்று புதியவர்கள் நம்புவதுண்டு. நடக்காது. வங்கிக் கவுன்டரில் மபுட்டோ நெறிமுறையைக் காட்டி ஒருவர் கணக்கைக்கூட யாரும் மீட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவை உதவுவது வேறு இடத்தில்: சட்ட மாற்றம் கேட்கும் மனுவில், நீதிமன்றத்தில் வழக்கறிஞரின் வாதத்தில், பாதுகாப்பு உத்தரவை (பாதிக்கப்பட்டவரை நெருங்கக் கூடாது என்பது போன்ற உத்தரவை) எல்லைக்கு அந்தப் பக்கமும் செல்ல வைப்பதில். இந்தக் கடைசி விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் முன்னால் இருக்கிறது. ஒரு உறுப்பு நாட்டில் கிடைத்த சிவில் பாதுகாப்பு உத்தரவு (டென்மார்க் தவிர) மற்ற உறுப்பு நாடுகளிலும் ஏற்கப்பட 2015 ஜனவரியிலிருந்து விதிமுறை இருக்கிறது.

சட்டத்தில் பொருளாதார வன்முறை என்ற சொல்லே இல்லாத நாடாக இருந்தால் என்ன செய்வது? செயலைத் துண்டுகளாக்குங்கள். கையெழுத்தை அவரே போட்டாரா? இல்லையென்றால் போலி ஆவணம். ஓடிபியை யாரோ எடுத்தார்களா? மோசடி. நகை யாருடையது? திருட்டு அல்லது நம்பிக்கை மோசடி. குழந்தைச் செலவு வரவில்லையா? ஜீவனாம்சம். படி 3-இல் எழுதிய தாள் இங்கேதான் கை கொடுக்கும்.

படி 5: அந்தப் பக்கம் ஒரு ஆளைக் கண்டுபிடிப்பது

பிரிட்டனில் சர்வைவிங் எகனாமிக் அப்யூஸ் என்ற அறக்கட்டளை 2017-இல் நிக்கோலா ஷார்ப்-ஜெஃப்ஸால் தொடங்கப்பட்டது, முழுக்க இந்த ஒரு பிரச்சினைக்காகவே. ஆஸ்திரேலியாவில் சென்டர் ஃபார் விமன்ஸ் எகனாமிக் சேஃப்டி, கனடாவில் கனேடியன் சென்டர் ஃபார் விமன்ஸ் எம்பவர்மென்ட், அமெரிக்காவில் ஃப்ரீஃப்ரம், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குட் ஷெப்பர்ட். ஐரோப்பாவில் எந்த நாட்டில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், 1994 முதல் இயங்கும், வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான அமைப்புகளின் வேவ் கூட்டமைப்பு வழி காட்டும். இவற்றில் பல, தனிப்பட்ட வழக்குகளை நேரடியாக எடுப்பதைவிடப் பயிற்சி, கொள்கை, ஆதாரப் படிவங்களில் கவனம் செலுத்துபவை. அதனால் “இவருக்கு உதவ முடியுமா?” என்று எழுதினால் பெரும்பாலும் மரியாதையான மறுப்பு வரும். “உங்கள் நாட்டில் கூட்டுக் கடனில் உள்ளவருக்காக வங்கியிடம் பேசக்கூடிய கடன் ஆலோசகர் யார்?” என்று குறுகலாகக் கேளுங்கள். குறுகலான கேள்விக்குப் பதில் சீக்கிரம் வரும்.

நான் ஆரம்ப நாட்களில் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். அவசரம் என்று நினைத்து, ஒரு பெண்ணின் முழுப் பெயர், ஊர், கடன் விவரம் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் போட்டு, ஏழு அமைப்புகளுக்கு ஒன்றாக அனுப்பினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள், மூன்றும் வேறு வேறு ஆலோசனை. ஒருவர் அந்த மின்னஞ்சலை அப்படியே இன்னொருவருக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த நான்காவது ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு இந்தப் பெண்ணின் கதை முழுக்கத் தெரியும். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்ட பத்து நிமிடம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இப்போது செய்வது இது. முதல் கடிதத்தில் பெயர் கிடையாது, நாடும் பிரச்சினையின் வகையும் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு அமைப்பு. அவர்கள் சரி என்றதும் பாதிக்கப்பட்டவரிடம் கேட்டு, எந்தத் தகவல் யாருக்கு எதற்காகப் போகிறது என்று அவருடைய மொழியிலேயே எழுதி ஒப்புதல் வாங்குவது. ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறலாம் என்பதையும் அதில் எழுதுவது. ஐரோப்பிய அமைப்போடு வேலை செய்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இதைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்கள் செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்திலும் கவனம் வேண்டும். வெளிநாட்டில் சிறிய சமூகமாக வாழும் இடங்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். போனில் பேசும் மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும், பெயர் சொல்லும் முன் அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உறவினரையோ குழந்தையையோ ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இரண்டு அமைப்புகளுக்கும் நடுவே அரைப்பக்க உடன்பாடு போதும்: கோப்பு யாரிடம், பாதிக்கப்பட்டவரோடு பேசுவது யார் (ஒருவர்தான், இருவர் வேண்டாம்), எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசிக்கொள்வது, நேர வித்தியாசத்தில் அவசரம் வந்தால் யாரை எழுப்புவது.

படி 6: வங்கியும் கடனும்

எல்லை கடந்து கற்றுக்கொண்டது அதிகம் தெரிவது இந்தத் துறையில்தான்.

பிரிட்டனில் ஒரு ஆதாரப் படிவம் இருக்கிறது. பயிற்சி பெற்ற கடன் ஆலோசகர் பாதிக்கப்பட்டவரின் நிலையைக் கேட்டு ஒருமுறை அதை நிரப்புகிறார். பிறகு அதே படிவம் ஒவ்வொரு கடன் நிறுவனத்துக்கும் போகிறது. எட்டுக் கடன் இருந்தால் எட்டுக் கால்சென்டரில் எட்டு முறை “அவர் என்னை அடிப்பார்” என்று சொல்ல வேண்டியதில்லை. சர்வதேச ஒத்துழைப்புக்கு நான் முதலில் சொன்ன அந்தச் சின்ன அர்த்தம் இதுதான். உங்கள் நாட்டில் இப்படிப் படிவம் இல்லாவிட்டாலும், நீங்களே ஒரு பக்கக் கடிதமாக அதைச் செய்யலாம்: நாங்கள் யார், இவரை எப்போதிலிருந்து தெரியும், என்ன ஆதாரம் பார்த்தோம், என்ன கேட்கிறோம். முழுக் கதையும் வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னொரு மாதிரி. பணம் அனுப்பும்போது ஒரு சின்னக் குறிப்பு எழுதும் பெட்டி வரும் அல்லவா? வாடகை, பிறந்தநாள் என்று நாம் எழுதும் இடம். போனில் தடுக்கப்பட்ட ஆட்கள், ஒரு டாலருக்கும் குறைவாகத் திரும்பத் திரும்பப் பணம் போட்டு, அந்தப் பெட்டியில் மிரட்டல் எழுதியிருக்கிறார்கள். வங்கிக் கணக்கை மூடினால் சம்பளம் வராது, திறந்து வைத்தால் மிரட்டல் வரும். 2020-இல் காமன்வெல்த் பேங்க் மூன்று மாதப் பரிமாற்றங்களை அலசியபோது 8,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு இப்படிச் செய்திகள் போயிருப்பது தெரிந்தது. வசைச் சொற்களைத் தடுத்தார்கள், பிறகு வசையே இல்லாமல் மிரட்டும் வாக்கியங்களைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு மாதிரியையும் உருவாக்கினார்கள். அப்புறம் அதை உலகில் எந்த வங்கியும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கொடுத்துவிட்டார்கள். அறிக்கை, பிரகடனம் எல்லாவற்றையும்விட எனக்கு இந்த மாதிரிப் பகிர்வுதான் பிடிக்கும். உங்கள் நாட்டு வங்கியிடம் “இது ஏற்கெனவே இருக்கிறது, சும்மா கிடைக்கிறது” என்று சொல்ல முடியும் பாருங்கள்.

வங்கியிடம் என்ன கேட்பது? பொதுவான வாடிக்கையாளர் சேவையை விட்டுவிட்டு, பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய வாடிக்கையாளர்களுக்கான குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் இவற்றைக் கேளுங்கள்: தபாலுக்குத் தனி முகவரி, வட்டியையும் வசூல் அழைப்பையும் சில காலம் நிறுத்துவது, கூட்டுக் கடன் மேலும் ஏறாமல் தடுப்பது, பழைய அறிக்கைகளின் நகல், மிரட்டலால் எடுத்த கடன் என்று பதிவு செய்து மறுபரிசீலனை. பிரிட்டனில் 2018 முதல் வங்கிகளுக்கென்று தாமாக ஏற்ற நடத்தை விதி ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2023 ஜூலை முதல், மிரட்டி எடுக்க வைத்த கடனை எதிர்த்து நிற்கச் சட்டமே வழி தருகிறது. இவற்றை முன்மாதிரியாகக் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. கூட்டுக் கணக்கை முடக்கச் சொன்னால் இவருக்கும் சேர்த்தே முடங்கும். முதலில் தனிக் கணக்கு, அடுத்து சம்பளம் அதற்கு மாறி ஒருமுறையாவது வந்து சேர வேண்டும், அப்புறம்தான் முடக்கம். இந்த வரிசையை மாற்றிச் செய்து, மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் அதே வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

கிரெடிட் ஸ்கோர் பொதுவாக நாட்டுக்கு நாடு தனி. புது நாட்டில் அது வெற்றுத் தாளாக இருக்கும். அதனால் பழைய நாட்டுக் கடன் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, வட்டியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

படி 7: விசாவும் ஜீவனாம்சமும்

சார்பு விசாவில் இருப்பவருக்குப் பணமும் விசாவும் ஒரே சங்கிலியின் இரண்டு வளையம். “புகார் கொடுத்தால் நாடு கடத்திவிடுவார்கள்” என்று சொல்லியே வைத்திருப்பார்கள். பல நாடுகளில் இதற்கு வழி இருக்கிறது. பிரிட்டனில் துணைவர் விசாவில் வந்து வன்முறையால் பிரிந்தவர், வேலை செய்யவும் அரசு உதவி கேட்கவும் அனுமதியோடு மூன்று மாதச் சலுகை கோரலாம். அந்த மூன்று மாதத்துக்குள் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கனடாவில் 2019 ஜூலை முதல் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குக் கட்டணமில்லாத தற்காலிக அனுமதி உண்டு. அமெரிக்காவில் குடிமகனையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவரையோ மணந்தவர், துணைவரின் கையெழுத்து இல்லாமல் தாமே மனு போட 1994 சட்டம் இடம் தருகிறது. விதிகள் அடிக்கடி மாறும், ஆகவே அங்கீகாரம் பெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் கேட்காமல் யாருக்கும் உறுதி சொல்லாதீர்கள்.

ஜீவனாம்சத்துக்கு 2007 ஹேக் உடன்படிக்கை இருக்கிறது, 2013-இல் அமலுக்கு வந்தது. உறுப்பு நாடு ஒவ்வொன்றிலும் ஒரு மைய அதிகாரி உண்டு. நீங்கள் இருக்கும் நாட்டின் மைய அதிகாரியிடம் மனு கொடுத்தால் அவர் அந்த நாட்டின் மைய அதிகாரிக்கு அனுப்புவார். முதலில் இரண்டு நாடும் இதில் சேர்ந்திருக்கின்றனவா என்று, ஹேக் மாநாட்டு அமைப்பு இந்த உடன்படிக்கைக்கு வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் பாருங்கள். பலர் தவறவிடுவது ஒன்று: குழந்தைக்கான கோரிக்கையோடு சேர்த்துக் கேட்டால் துணைவரின் ஜீவனாம்சத்துக்கும் மைய அதிகாரியின் உதவி கிடைக்கும். துணைவருக்கு மட்டும் தனியாகக் கேட்டால் பொதுவாக அந்த வழி கிடையாது, அந்த நாட்டு நீதிமன்றத்தை நேரடியாக அணுக வேண்டும். இந்த உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் 1956 நியூயார்க் உடன்படிக்கையோ இரு நாட்டு ஒப்பந்தமோ பொருந்துமா என்று வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள்.

திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், நீதிமன்ற உத்தரவு எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்க உதவும் சான்று) தேவைப்படலாம். அதை ஆவணம் வழங்கிய நாட்டில்தான் வாங்க முடியும். அவர் அந்த நாட்டைவிட்டு வரும் முன் உங்களிடம் பேசினால், இதை அங்கேயே வாங்கச் சொல்லிவிடுங்கள்.

படி 8: பத்து வழக்குக்குப் பிறகு

பத்து வழக்கு சேர்ந்ததும் பெயர்களை நீக்கிவிட்டு வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே வகைக் கடன் செயலி நான்கு முறை வருகிறதா? ஒரே மாதிரிப் பவர் பத்திரமா? அந்த மாதிரியைத்தான் வங்கிகளுக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரையிலான 16 நாள் இயக்கத்திலும், கனடாவில் தொடங்கிய நவம்பர் 26 பொருளாதார வன்முறை விழிப்புணர்வு நாளிலும் ஊடகங்கள் கொஞ்சம் காது கொடுக்கும்.

வெளிநாட்டுப் படிவத்தைக் கொண்டுவந்தால் அப்படியே மொழிபெயர்த்து வைக்காதீர்கள். வங்கிக் கிளையில் கவுன்டரில் உட்காரும் ஒருவரிடம் கொடுத்து, “இது வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர் முழித்தால் படிவம் தயாராகவில்லை.

மீண்டு வந்தவர்களைக் கூட்டத்துக்கு அழைத்தால் ஊதியம் கொடுங்கள், பயணச் செலவை முன்பணமாகக் கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் உழைப்பைப் பறிகொடுத்தவரிடம் “ரெண்டு மணி நேரம் இலவசமாக வந்து உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்பதில் இருக்கும் முரண் நமக்கே உறைக்க வேண்டும். ரசீது கொடுத்தால் பிறகு தருகிறோம் என்பதும் அப்படித்தான். ரசீது கேட்கும் குரலை அவர் ஏற்கெனவே வீட்டில் கேட்டிருக்கிறார்.

கோப்பை மூடும் முன் மூன்று வேலை. அவர் பெயரில் இருந்த ஒவ்வொரு நாட்டிலும் கிரெடிட் அறிக்கையை அவரே வாங்கிப் பார்க்கட்டும், தெரியாத கடன் ஏதும் இல்லையென்று உறுதியாகட்டும். பழைய கணக்குகளில் உள்ள போன் நம்பர், முகவரி, வாரிசு நியமனம் மாறிவிட்டதா என்று பார்க்கட்டும். நாடு வாரியாக எழுதிய அந்தத் தாளின் அசலை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த அலுவலகத்தில் யாராவது “முதலிலிருந்து சொல்லுங்கள்” என்று கேட்டால், அவர் அதை மேஜைமேல் வைக்கலாம்.